நத்தைகளுக்குப் போட்ட கீரை

முளைக்கீரைத் தண்டைப் பார்த்தால் இன்றைக்கும் நான் கிட்டே போக மாட்டேன். வீட்டில் கேலி செய்வார்கள். ரசாயனம் படித்தவள் கீரைக்குப் பயப்படுகிறாளே என்பார்கள். பயம் இல்லை, வெட்கம். அதை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். வீடு மாதுங்காவில். வடாலா வரை பஸ், அங்கிருந்து ஹார்பர் லைன் ரயில். எங்கள் கூடத்தில் ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி இருந்தது. ஒரே வாயுவில் லேசான அணு எத்தனை, கனமான அணு எத்தனை என்று பிரித்துச் சொல்லும். நாங்கள் அதை மகாராணி என்போம். வாரத்தில் இரண்டு நாள்தான் அம்மையாருக்கு மனசு நன்றாக இருக்கும். மற்ற நாட்களில் பம்ப் ஓடாது, அல்லது எங்கோ காற்று கசியும்.

எங்கள் துறைத் தலைவர் மராத்திக்காரர். எல்லோருக்கும் டாக்டர் சாகேப். சுகாதார அதிகாரி ஒருவர் அவருக்குக் கல்லூரி நண்பர். அந்த நண்பர் ஒருநாள் ஒரு சிக்கலோடு வந்தார். நான் தினமும் தாண்டிப் போகும் சுனாபட்டி ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, ரயில் பாதையை ஒட்டி ஒரு குட்டை. அதன் ஒரு கரையில் கீரைத் தோட்டங்கள். மறுகரையில் நாற்பது குடிசைகள், பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சற்றுத் தாழ்வான இடத்தில் புதிதாக ஒரு குடியிருப்பு வந்திருந்தது, அதன் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போயிற்று. தண்ணீரில் நைட்ரேட் மிதமிஞ்சிக் கிடந்தது. குட்டையிலிருந்து ஊறி வருவது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. குட்டையைக் கெடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

தோட்டக் குத்தகைக்காரர் குடிசைகளைக் காட்டினார். குடிசைக்காரர்கள் தோட்டத்தில் தூவும் வெள்ளை உப்பைக் காட்டினார்கள். அமோனியம் சல்ஃபேட் உரத்தை எல்லோரும் உப்பு என்றுதான் சொல்வார்கள். உப்புதான் காரணம் என்றால் தோட்டத்தில் உரம் போடுவதைக் கட்டுப்படுத்துவார்கள். குடிசைகள்தான் காரணம் என்றால் மழைக்காலத்துக்கு முன் நாற்பதையும் காலி செய்துவிடுவார்கள். வார்டு ஆபீசில் அப்படித்தான் பேச்சு என்று அந்த அதிகாரி சொன்னார்.

சாதாரணத் தண்ணீர்ப் பரிசோதனை நைட்ரஜன் எவ்வளவு என்று சொல்லுமே தவிர, எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. டாக்டர் சாகேபுக்கு வேறு யோசனை இருந்தது. நைட்ரஜனில் இரண்டு ரகம் உண்டு. ஏறக்குறைய எல்லாமே லேசான ரகம். கனமானது அங்கொன்றும் இங்கொன்றும். இரண்டுமே நிலையானவை, எத்தனை காலமானாலும் அப்படியே இருக்கும். மூட்டையில் வரும் உரத்தைக் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து செய்வதால், கனமானதின் பங்கு காற்றில் இருப்பதைப்போலவே அதிலும் இருக்கும். மனிதக் கழிவு அப்படியல்ல. அது வெயிலில் கிடந்து நாறும்போது லேசான நைட்ரஜன் முந்திக்கொண்டு ஆவியாகிவிடும். முறத்தில் புடைத்தால் உமி பறந்து மணி தங்குகிறதே, அப்படிக் கனமானது தங்கிவிடும். அது குட்டையில் கலக்கும், பாசி அதை உறிஞ்சும், பாசியை நத்தை தின்னும். தண்ணீரை மொண்டு பார்த்தால் அன்றைய நிலவரம்தான் தெரியும். நத்தையோ மாதக்கணக்காகத் தின்றதைத் தன் சதையில் வைத்திருக்கும். இன்று இதை உலகம் முழுவதும் செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அன்று எங்களுக்குத் தெரிந்து யாரும் செய்ததில்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் கல்யாணுக்கு அப்பால் ஆள் நடமாட்டமில்லாத ஒரு குட்டையிலிருந்து நத்தை வந்தது. சுனாபட்டி நத்தை பிடிக்க என்னை அனுப்பினார்கள்.

முட்டைகூட நுழையாத வீட்டில் வளர்ந்தவளை நத்தை பிடிக்க அனுப்பினால் எப்படி இருக்கும்? நீளமான இடுக்கியும் அகலவாய்க் கண்ணாடி ஜாடியும் எடுத்துக்கொண்டு போனேன். குட்டையில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. கரையில் ஒருத்தி குத்துக்காலிட்டுப் பழைய பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பழைய பாட்டில் வியாபாரி ஒருவருக்கு அவள் கழுவிக் கொடுப்பவள், புருஷனுக்கு வடாலாவில் ஒரு பட்டறையில் வேலை என்று பிறகு தெரிந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

"என்ன டீச்சரு, இடுக்கி கொண்டாந்திருக்கிய? பல்லு புடுங்கவா?"

"நான் டீச்சர் இல்லே."

"இங்கிலீசு படிச்சவிய எல்லாரும் எங்களுக்கு டீச்சருதான். என்ன வேணும், சொல்லுங்க."

நத்தை என்றேன். என் ஜாடியை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, அடியில் கறை இருக்கிறது என்று உதடு பிதுக்கினாள். மணலும் நாரும் போட்டு மறுபடி கழுவினாள். பிறகு முழங்கால்வரை இறங்கி, கை கையாக அள்ளிப் போட்டாள்.

"கறி வைக்கவா?"

என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க ஊர்ல வயக்காட்டு நத்தைய அவிச்சுத் திம்போம். இங்கன உள்ளத தொட மாட்டோம். எதத் தின்னு வளருதுன்னு தெரியும்லா?"

அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. நான் என் விஞ்ஞானத்தை விளக்கும் அவசரத்தில் இருந்தேன். நத்தையின் உடம்பில் இருக்கும் ஒன்றை எடை போட்டால், குட்டையைக் கெடுத்தது தோட்டத்து உப்பா அல்லது... என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

"எங்க பீயான்னு சொல்லிரும், அதானே?" என்றாள். "சொல்லிட்டா என்ன செய்வாவ?"

வார்டு ஆபீஸ் பேச்சைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. ஜாடியைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"அப்ப எங்க நாப்பது வீடும் இந்தச் சீசாவுக்குள்ளதான் கெடக்கு. பாத்துக் கொண்டு போங்க டீச்சரு, கீழ போட்டுராதிய."

டாக்டர் சாகேப் சொல்லியிருந்தது இவ்வளவுதான். ஒருநாள் முழுக்க நல்ல தண்ணீரில் விட்டு வயிறு காலியாகட்டும், பிறகு சதையை எடுத்து உலர்த்தலாம். அந்த ஒருநாள் முடிவதற்குள் மகாராணியின் பம்ப் நின்றது. சரியாகும்வரை நத்தைகளை உயிரோடு வைத்திரு, தினம் தண்ணீரை மாற்று என்றார். கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் இருக்கமாட்டார்கள். ஜாடியை நான் வீட்டுக்கே எடுத்துப் போனேன்.

அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "என்னடி இது கர்மம்? இதோட உள்ளே வராதே." பால்கனி மூலையில், துளசித் தொட்டியிலிருந்து எட்டியே வைக்க அனுமதி கிடைத்தது. ஆனால் மறுநாள் காலையிலிருந்து அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. காக்காய்க்கு ஒரு பிடி சாதம் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட உட்காருவதில்லை. அந்தப் பிடியை வைக்கப் போனவள் ஜாடியைப் பார்த்தாள். நத்தைகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மேலே மேலே ஏறின.

"அதுகளுக்கு என்னடி போட்டே?"

"ஒண்ணும் போடக் கூடாதும்மா."

"பசிக்காதா? வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுட்டு நாம மாத்திரம் தட்டுல உக்காரலாமா?"

எனக்கும் மனசு கேட்கவில்லை. அம்மாவின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க மாட்டேன். போட்டது நான்தான். கீரை ஆய்ந்து ஒதுக்கிய இலையையும் இளந்தண்டையும் நறுக்கிப் போட்டேன். அவை தின்பதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. பம்ப் சரியாகப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பன்னிரண்டு நாளும் போட்டேன். கீரை என்ன செய்யும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. பி.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு வாங்கியவள் நான்.

முடிவு வந்தபோது டாக்டர் சாகேப் இரண்டு தடவை சரிபார்த்தார். கனமான நைட்ரஜன் குறைவு. கல்யாண் நத்தையோடு பெரிய வித்தியாசம் இல்லை. சாக்கடையின் அடையாளம் தெளிவாக இல்லை, உப்பின் பக்கம்தான் சாய்கிறது என்றார். கடிதம் தட்டச்சுக்குப் போயிற்று.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றே திரும்பும் வழியில் சுனாபட்டியில் இறங்கிவிட்டேன். அறிக்கை போவதற்குமுன் வெளியே சொல்லக் கூடாது என்று தெரியும், ஆனாலும் சொன்னேன்.

"உங்க மேல தப்பில்லே அக்கா. உப்புதான்."

அக்கா நம்பவில்லை. "நெசமாவா? மிசினு சொல்லிட்டா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு குடிசைகளைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள், நாலைந்து பெண்கள் வந்தார்கள். யாரோ கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தக் குட்டைக் கரையில் என் கையில் அந்தத் தம்ளரைக் கொடுத்தபோது உதட்டுக்குக் கொண்டுபோகாமல் வைத்துக்கொண்டிருந்தேன். மாதுங்காவில் வளர்ந்த எல்லாப் பயங்களும் ஒன்றாக வந்து நின்றன. அக்கா புரிந்துகொண்டாள். "லைனுக்கு அந்தப் பக்கம் உள்ள குழாய்த் தண்ணிதான், கொதிக்க வச்சது," என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. குடித்தேன். இன்றுவரை அப்படி ஒரு காப்பி குடித்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மாவோடு மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போனேன். வழக்கமான கீரைக்காரர். இலை இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று அம்மா கேட்டாள். அவர் பெருமையோடு, "சுனாபட்டி கா மால் ஹை. சல்ஃபேட் டால்தே ஹைன்," என்றார்.

சுனாபட்டிச் சரக்கு. சல்ஃபேட் போட்டு வளர்த்தது.  பன்னிரண்டு நாள் அந்த நத்தைகளின் வயிற்றை அந்தத் தோட்டத்து உப்பால் நிரப்பியது நான். வயிறு காலி என்ற நினைப்பில் குடலோடு சேர்த்து அரைத்தோம். நத்தைகள் குட்டுப்பட்ட மாணவர்கள் மாதிரி நான் சொல்லிக்கொடுத்ததையே திருப்பிச் சொல்லியிருக்கின்றன.

அடுத்த இரண்டு நாள் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தேன். கடிதம் கையெழுத்துக்காக மேஜையில் கிடந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நாற்பது வீடும் தப்பிக்கும். வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்றாம் நாள் போய்ச் சொல்லிவிட்டேன். அதற்கு உண்மையின் மேல் இருந்த பக்திதான் காரணம் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பாதிதான் அது. தப்பான ஒரு எண் என் கையால் வெளியே போகக் கூடாது என்ற கர்வம் மறுபாதி.

டாக்டர் சாகேப் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, "மறுபடி பிடித்து வா. இந்தத் தடவை பட்டினி," என்றார்.

இரண்டாம் தடவை நான் அக்கா இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அவள் கழுவிய பாட்டில்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நேரம் எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். ஒருவேளை மறுபடியும் உப்பு என்றே வந்துவிடும், எதற்கு வீணாகக் கலவரப்படுத்துவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இடுக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையாலேயே நத்தைகளைப் பொறுக்கினேன். அருவருப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கரையோரம் எதை மிதிக்காமல் நடக்க வேண்டியிருந்தது என்பதை அன்றுதான் கண் திறந்து பார்த்தேன். நாற்பது வீட்டுக்கும் ஒரு கக்கூஸ் கிடையாது.

இந்தத் தடவை மகாராணி மக்கர் செய்யவில்லை. கனமான நைட்ரஜன் எக்கச்சக்கம். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அறிக்கை போவதற்குமுன் நான் டாக்டர் சாகேபிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். அங்கே கழிப்பறை இல்லை, கட்டிக்கொடுத்தால் குட்டை தேறும் என்று எழுத வேண்டும் என்றேன். அவர் உடனே ஒப்புக்கொண்டு இரண்டாம் பக்கத்தில் சேர்த்தார். எனக்கு அதில் ரொம்பத் திருப்தி. என் கடமையை நான் செய்துவிட்டேன் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வார்டு ஆபீசில் இரண்டாம் பக்கத்தை யாராவது புரட்டினார்களா என்று எனக்குத் தெரியாது. மே மாதத்தில் ஒரு காலை, ரயில் சுனாபட்டியைத் தாண்டும்போது ஜன்னலோரம் இருந்தேன். குட்டை இருந்தது. தோட்டம் இருந்தது. மறுகரையில் செம்மண்ணும், கிழிந்த கோணியும், அடுப்புக் கரி படிந்த கற்களும் கிடந்தன. பக்கத்தில் நின்ற பெண் நேற்று லாரி வந்தது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் செம்பூரில் இறங்க மறந்து அடுத்த ஸ்டேஷன்வரை போய்விட்டேன்.

அக்காவைத் தேட எனக்கு மூன்று மாதம் பிடித்தது. தேடுவதற்கு அல்ல, தேடலாம் என்று முடிவு செய்வதற்கு. தாராவியில் பழைய பாட்டில் வியாபாரிகள் இருக்கும் சந்தில் விசாரித்தால் தெரியும் என்று முதல் நாளே எனக்குத் தோன்றியிருந்தது. விசாரித்தேன், இரண்டாவது கடையிலேயே சொல்லிவிட்டார்கள். மழை விட்டிருந்த மத்தியானம். ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே, சிமெண்டுத் தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு அவள் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். உறவுக்காரர் வீட்டு மச்சில் குடும்பமாக ஒண்டியிருப்பதாகச் சொன்னாள். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு மரப்பெட்டியைக் காலால் நகர்த்தி உட்காரச் சொன்னாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பம்ப் நின்றதை, கீரை போட்டதை, மார்க்கெட்டில் தெரிந்ததை, போய் ஒப்புக்கொண்டதை, அவள் இல்லாத நேரம் பார்த்து வந்து நத்தை பிடித்ததை. சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் கை நிற்கவே இல்லை. கழுவிய பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க பொய் சொல்லிருக்கணும்னு நான் சொல்லல டீச்சரு," என்றாள். "நாங்கதாம்னு எங்களுக்குத் தெரியாதா? அன்னைக்கே சொன்னேம்லா. அந்த நத்தைய நாங்க தொட மாட்டோம்னு."

"கக்கூஸ் இல்லேன்னு நான் எழுதச் சொன்னேன் அக்கா. அறிக்கையிலே இருக்கு."

"நீங்க எழுதுனிய. சரி." ஒரு பாட்டிலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். கறை இருந்திருக்க வேண்டும், மறுபடி தொட்டியில் போட்டாள். "உப்புதாம்னு சொல்ல ஓடி வந்தியள்லா? அது இல்ல, நீங்கதாம்னு சொல்ல ஒருக்கா வந்திருக்கக் கூடாதா? நாங்க பாட்டுக்கு மிசினே சொல்லிட்டுன்னு நிம்மதியா கெடந்தோம். தெரிஞ்சிருந்தா நாப்பது வீட்டுக்காரியளும் பிள்ளைய இடுப்புல தூக்கிட்டு அந்த ஆபீசு வாசல்ல போய் நின்னுருப்போம். எங்கதான் போவச் சொல்லுதிய, ஒரு கக்கூஸு கெட்டித் தாங்கன்னு கேட்டுருப்போம். குடுப்பாவளோ மாட்டாவளோ, கேட்டுருப்போம்லா."

அவள் இன்னொரு பாட்டிலை எடுத்து மணல் போட்டுக் குலுக்கினாள். 

"நத்தைக்குப் பசிக்குமேன்னு தோணிருக்கு உங்களுக்கு," என்றாள் அக்கா. குரலில் குத்தலே இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. பிறகு தொட்டிக்குப் பின்னால் இருந்த குழாயைக் காட்டி, முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொன்னாள்.